பெயர் எமது, அணி எவரது?

குருநகர் இறங்குதுறையிலே மாலை வேளையில் வலை பொத்துவோர் மத்தியில் எழும் வாதங்களிற் பாதி மீன் விலையைப் பற்றியது. மறுபாதி யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய கிறிக்கெற் அணியைப் பற்றியது. ஹசரங்கவை விட்டது எவர் செய்த பிழை? திசர பெரேராவுக்குப் பின் தலைமையைச் சரித் அசலங்கவிடம் கொடுத்தது சரியா? மீண்டும் ஒரு தொடர் நடந்தால் எவரை வைத்திருப்பது, எவரைக் கழிப்பது? ஐந்துமாடிக் குடியிருப்பின் படிக்கட்டிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் இதே விசாரணைதான். சட்ட மன்றங்களிலே நாம் கேட்கும் வாதங்கள் பலவற்றிலும் பார்க்க இவ்வாதங்களிலே ஆதாரங்கள் செறிவாக வைக்கப்படுகின்றன என்பதை மறைக்காமற் சொல்லுகின்றோம்.

ஆனால் வழக்கொன்றை விசாரிக்குமுன் சட்டத்தரணி கேட்கும் முதற் கேள்வி, வழக்காட வந்தவருக்கு வழக்காடும் உரிமை உண்டா என்பதே. இந்த அணியைப் பற்றி இரவு பகலாக வாதாடும் எமது மக்களுக்கு அவ்வுரிமை உண்டா? ஒரு துளியும் இல்லை என்பதே எமது பதில். அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத விரும்புகின்றோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவோம். லங்கா பிரீமியர் லீக் எனும் போட்டித் தொடர் 2020ஆம் ஆண்டிலே ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணத்தின் பெயரில் 'ஜப்னா ஸ்ராலியன்ஸ்' என்ற அணி களமிறங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஹம்பாந்தோட்டையிலே காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. மறு ஆண்டு உரிமை கைமாறிற்று. பெயரும் 'ஜப்னா கிங்ஸ்' என மாறிற்று. 2021இலும் காலியையே வென்று கிண்ணம்; 2022இல் கொழும்பு அணியை இரண்டு விக்கெற்றால் வென்று மூன்றாவது கிண்ணம். 2023இல் கண்டி அதனைக் கொண்டு சென்றது. 2024 யூலை 21இல் றைலி றூசோ ஆட்டமிழக்காது அடித்த 106 ஓட்டங்களின் துணையுடன் காலி அணியை ஒன்பது விக்கெற்றுகளால் முறியடித்து நான்காவது கிண்ணமும் எமது பெயருக்கே வந்தது. ஐந்து தொடர்களில் நான்கு வெற்றி! இத்தகைய சாதனையை வேறெந்த ஊரின் அணியும் நெருங்கவில்லை.

இந்த ஐந்து தொடர்களிலும் யாழ்ப்பாணத்து மண்ணிலே எத்தனை ஆட்டங்கள் நடைபெற்றன? ஒன்றுகூட இல்லை. ஹம்பாந்தோட்டை கண்டது, கொழும்பு கண்டது, பல்லேகலை கண்டது, தம்புள்ளை கண்டது. யாழ்ப்பாணம் தொலைக்காட்சிப் பெட்டியிலே கண்டது. சர்வதேசத் தரமுள்ள மைதானம் இல்லை என்பது அதற்குரிய விடை. விடை உண்மையானதுதான். மைதானம் ஏன் இல்லை என்று கேட்டால் அது நீண்ட அரசியற் கதை, இங்கு வேண்டாம்.

குருநகர் வாதத்திலே மிகச் சூடான பகுதி ஹசரங்கவைப் பற்றியது. 2020இல் எமது பெயருக்காக 17 விக்கெற்றுகளைச் சாய்த்தவர் அவர். 2022இலே கண்டிக்குத் தலைவராகச் சென்றார். 2023இல் அத்தொடரின் அதிக ஓட்டங்களும் அவருடையவை, அதிக விக்கெற்றுகளும் அவருடையவை, கிண்ணம் கண்டிக்கு. "கையிலிருந்த பாரை மீனைக் கடலில் விட்டுவிட்டுக் கரையில் நின்று அழுகின்றோம்" என்று ஒரு முதியவர் சொன்னார். அவர் சொன்னதிலே ஒரு சொல் மட்டும் பிழை. மீன் எமது கையிலே இருந்ததில்லை. பிடித்தவரும் நாமல்லர், விட்டவரும் நாமல்லர். திசர பெரேராவும் அப்படியே: நான்கு தொடர்களில் யாழ்ப்பாணத்தை வழிநடத்தியவர் 2024இல் கொழும்பு அணியின் தலைவராக எமக்கெதிரே நின்றார். அவரைக் குறை கூற எவருக்கும் நியாயமில்லை. ஒப்பந்தம் முடிந்தால் தொழிலாளி வேறிடம் போவான்.

2023 யூன் 14ஆம் நாள் இத்தொடரிலே முதன்முறையாக வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்பட்டனர். ஏலம் என்பது குருநகருக்குப் புதிதன்று. விடியற்காலையிலே கரைக்கு வரும் மீனைக் கூறி விற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்குள்ளவர்கள். ஆயினும் மீன் ஏலத்திலே பிடித்தவன் பக்கத்தில் நிற்கின்றான். விலை படியாவிட்டால் முகத்தைச் சுளிக்கின்றான். வேண்டாம் என்று கூடையைத் தூக்கவும் அவனுக்கு உரிமையுண்டு. வீரர் ஏலத்திலே யாழ்ப்பாணம் என்ற பெயர் மேசைமீது வைக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தவர் எவரும் அப்பெயரின் சார்பிலே பேச அங்கு நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

சட்டத்தின் பார்வையில் இவ்வணி என்ன? அது ஒரு கழகமன்று, சங்கமன்று. உறுப்பினர் இல்லை, பொதுக்கூட்டம் இல்லை. விளையாட்டை நிருவகிப்போர் ஒருவருக்குக் குறித்த காலத்துக்கு வழங்கும் உரிமை மாத்திரமே அது. கமக்காரருக்கு விளங்கும் மொழியிற் சொன்னால் குத்தகை. குத்தகைக்காரன் உரம் போடுவான், இறைப்பான், வெங்காயம் நடுவான், விளைச்சலும் அவனுக்கே. குத்தகைப் பணத்திலோ நிபந்தனையிலோ தவறினால் காணி திரும்பிவிடும். 2025 ஏப்ரலிலே இதுவே நடந்தது. ஒப்பந்தக் கடப்பாடுகள் நிறைவேற்றப்படவில்லை எனக் கூறி யாழ்ப்பாண அணியினதும் கொழும்பு அணியினதும் உரிமையாளரின் உரிமைகள் முடிவுறுத்தப்பட்டன. அந்த நடவடிக்கை சரியா பிழையா என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஒப்பந்தத்தைக் காணாதவர் தீர்ப்புக் கூறுவது அழகன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு கிண்ணங்களை வென்ற அணியொன்றின் உரிமை முடிந்தபோது அதனைப் பற்றி யாழ்ப்பாணத்திலே எவரிடமாவது ஒரு சொல் கேட்க வேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை. அதே ஆண்டு இறுதியில் நடைபெறவிருந்த தொடரும் பிற்போடப்பட்டது. குருநகர் வாதம் மட்டும் நிற்கவில்லை. அணி இல்லாதபோதும் அணித் தெரிவு நடந்துகொண்டேயிருந்தது!

இங்கு எமது தேசவழமையை நினைவூட்ட விரும்புகின்றோம். ஒல்லாந்தர் காலத்திலே, 1707இல், எழுத்திலே தொகுக்கப்பட்ட அச்சட்டத்தின்படி பங்குக் காணியை ஒருவர் விற்க நினைத்தால் அந்நியனுக்குக் கொடுக்குமுன் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். பழைய தொகுப்பிலே ஈடு பெற்ற அயற்காணிக்காரருக்கும் இடமிருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைச் சுருக்கியபோதும் அழிக்கவில்லை. அதன் உட்பொருள் என்ன? சில உடைமைகளை வெறும் சந்தைப் பொருளாகக் கொள்ளலாகாது. பக்கத்திலே வாழ்பவனுக்கும் கூடப்பிறந்தவனுக்கும் அதிலே ஒரு தொடர்பு உண்டு என்பதே. மூன்று பரப்புத் தோட்டக் காணிக்கு எமது முன்னோர் கொடுத்த இந்த மதிப்பை ஒரு நகரத்தின் பெயருக்குக் கொடுக்க முடியாதா? அணி கைமாறும் ஒவ்வொரு முறையும், அப்பிரதேசத்துக் கழகங்களும் சங்கங்களும் கூடி அமைக்கும் ஓர் அமைப்புக்கு முதல் அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று விதி செய்வதில் என்ன கஷ்டம்? முழுவதையும் வாங்க எம்மிடம் பணமில்லை எனலாம். முழுவதையும் கேட்கவில்லையே, பத்தில் ஒரு பங்கும் நிருவாக மேசையில் ஓர் ஆசனமும் போதும்.

இது புதுமையான கோரிக்கையன்று. ஜேர்மனியிலே உதைபந்தாட்டக் கழகத்தை நடத்தும் கம்பனியில் வாக்குப்பலத்தின் பாதிக்குமேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்கவேண்டும் என்பது 1998 முதல் நடைமுறை. விதிவிலக்குகள் ஒருசில உண்டு. மறுபுறத்திலே, விதி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைக் கனடாவிலே வாழும் எமது உறவினர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். கியூபெக் நகரத்திலே பனிக்கட்டி ஹாக்கி அணியொன்று இருந்தது. 1995இல் அது விற்கப்பட்டு அமெரிக்காவின் கொலராடோவுக்குப் போயிற்று. போன முதற் பருவத்திலேயே, 1996இல், அவ்விளையாட்டின் தலையாய ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. எந்த வீரரை வைத்திருப்பது என்று ஆண்டாண்டாக வாதாடி அந்த அணியின் வளர்ச்சியைப் பார்த்திருந்த கியூபெக் மக்கள், கிண்ணத்தை வேறு தேசத்தவர் தூக்குவதைப் பார்த்தார்கள். அந்த ஊருக்கு அவ்விளையாட்டின் உயர் அணி இன்றுவரை திரும்பவில்லை. ரொறன்ரோவிலே அணி போகவில்லை, 1967இன் பின் கிண்ணந்தான் வரவில்லை. எமது பிள்ளைகள் அங்கும் குருநகர்ப் பாணியிலே வாதாடுவதாக அறிகின்றோம்.

இனிக் குருநகரின் சொந்தச் சொத்தைப் பார்ப்போம். பாடும் மீன் விளையாட்டுக் கழகம் என்றால் வடபகுதி உதைபந்தாட்டத்திலே அறியாதவர் இல்லை. நாவாந்துறை சென். மேரிஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன் ஆகிய கழகங்களுடன் அது மோதும் நாளிலே மைதானத்தைச் சுற்றிக் கால் வைக்க இடமிராது. அக்கழகத்திலே ஒரு முன்களவீரனை மாற்றினால் மாற்றியவர் மறுநாட் காலை கடற்கரையிலே விடை கூறவேண்டும். அதுவே கழகம். 2021இல் கொழும்பிலே உதைபந்தாட்டத்துக்குத் தொழில்முறைச் சுப்பர் லீக் ஒன்று பத்துக் கழகங்களுடன் ஆரம்பமானது. அப்பத்திலே வடக்கிலிருந்து ஒன்றுமில்லை. ஒரு பக்கத்திலே எமது பெயர் இருக்க நாம் இல்லாத அணி. மறு பக்கத்திலே நாம் இருக்க எமது பெயர் ஏறாத பட்டியல். இந்த இரண்டையும் ஒருசேர நோக்குவோருக்கு நோயின் தன்மை விளங்கும்.

எமது கழகங்களையும் நாம் முழுமனதோடு புகழ்வதற்கில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் பல கழகங்களிலே ஆண்டுதோறும் கூடுவதில்லை. கணக்கு ஒரு கொப்பியிலும் கொப்பி ஒருவரின் அலுமாரியிலும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவரின் மருமகன் அணியிலே இடம் பெறுகின்றான் என்ற முறைப்பாடும் இல்லாமலில்லை. முதல் அறிவித்தல் கேட்கும் அமைப்பொன்று அமையவேண்டுமாயின் அதற்கு யாப்பு வேண்டும், பதிவு வேண்டும், கணக்காய்வு வேண்டும். இதை எழுதிக் கொடுக்க இம்மண்ணிலே சட்டத்தரணிகளுக்கும் கணக்காளர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களிற் பலர் இப்பத்திரிகையின் வாசகர்கள்.

எமது கோரிக்கையைக் குறுகிய மனப்பான்மை என்று சிலர் கூறக்கூடும். திசர பெரேரா கிண்ணத்தைத் தூக்கியபோது யாழ்ப்பாணத்திலே வெடி கொளுத்தியவர்கள் அவரது மொழியைக் கேட்கவில்லை. அது நல்லது, பெரிதும் நல்லது. பதினொருவரும் எமது பிள்ளைகளாக இருக்கவேண்டுமென நாம் சொல்லமாட்டோம். சொன்னால் தோற்போம், அதுவும் உண்மை. ஆனால் ஒருவர்? 2020 டிசம்பர் 4ஆம் நாள் யாழ். மத்திய கல்லூரியின் பதினெட்டு வயது மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த அணியிலே பந்து வீசினான். அவன் வீழ்த்திய முதல் விக்கெற் அஞ்சலோ மத்தியூஸ் உடையது. 2023இல் ஆசிய விளையாட்டு விழாவிலே இலங்கைக்காக ஆடினான். 2024 மே மாதத்திலே இந்தியன் பிரீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காகக் களமிறங்கினான். எவருக்குப் பதிலாக என்று நினைக்கின்றீர்கள்? காயமுற்றிருந்த அதே ஹசரங்கவுக்குப் பதிலாக! ஒரு பையனுக்கு ஒரு நாள் கொடுக்கப்பட்ட இடம் இவ்வளவு தூரம் போயிற்று. வெளிநாட்டு வீரர் தொகைக்கு வரம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, பிரதேசத்தின் பெயரைச் சூடும் அணி அப்பிரதேசத்தின் ஒருவரையாவது ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடவைக்க வேண்டுமென்று எழுத ஒரு வரி போதும். அவ்விதி காலிக்கும் கண்டிக்கும் தம்புள்ளைக்கும் பொருந்தட்டும். அங்குள்ள பிள்ளைகளும் பிள்ளைகளே.

மைதானத்துக்கு வருவோம். 2025 செப்டெம்பர் 1ஆம் நாள் மண்டைதீவிலே சர்வதேசக் கிறிக்கெற் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். குருநகர்க் கரையிலே நின்றால் மண்டைதீவு கண்ணுக்கெதிரே கிடக்கின்றது. அந்தக் கடலை இவ்வூர் மக்கள் வேறொரு காரணத்தாலும் மறப்பதில்லை. 1986 யூன் 10ஆம் நாள் தொழிலுக்குச் சென்ற குருநகர் மீனவர் முப்பதுக்கு மேற்பட்டோர் மண்டைதீவுக் கடலிலே கொல்லப்பட்டனர். மைதானம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. வரவேண்டும், அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஆயினும் அம்மைதானத்தின் விளக்குகள் எரியும் இரவிலே களங்கண்டிக் காவலுக்குப் போகும் மீனவனின் பாதை என்னவாகும், ஈரநிலமும் கண்டலும் என்னவாகும் என்று சூழலியலாளரும் தொழிலாளரும் கேட்கும் கேள்விகளுக்கு விடை அடிக்கல்லிலே எழுதப்பட்டிருக்கவில்லை. கண்டல் அழிந்தால் இறால் குறையும். இறால் குறைந்தவன் நுழைவுச்சீட்டு வாங்கமாட்டான். அம்மைதானத்துக்கு எப்பெயர் இடுவது என்று இப்போதே சிலர் வாதாடத் தொடங்கியுள்ளனர். பெயரைப் பிறகு பார்ப்போம். அந்தக் கடலிலே மாண்டவர்களுக்கு அங்கே ஒரு நினைவுக்கல் வைக்கப்படுமா என்பதை முதலில் கேட்போம்.

அடுத்த தொடரின் வாய்ப்பைப் பற்றி எமது கருத்தையும் இளைஞர் கேட்கின்றனர். புதிய உரிமையாளர் பணத்தோடு வந்தால் யாழ்ப்பாணம் ஐந்தாவது கிண்ணத்தையும் வெல்லக்கூடும்; அசலங்கவை விடாதிருப்பது நன்று; சுழற்பந்துக்கு வியாஸ்காந்த் இருக்கின்றான், அவனைப் பெவிலியனிலே இருத்திவைக்கக்கூடாது. இது எமது தனிப்பட்ட அபிப்பிராயம்; இதற்கு ஐந்துமாடியிலே எதிர்ப்பு உண்டென்பதை அறிவோம். அந்த எதிர்ப்பாளர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் கழகக் கட்டடத்திலே கூடி, நாம் மேலே கூறிய முதல் அறிவித்தலுக்கும் உள்ளூர் வீரருக்கும் உரிய இரு விதிகளையும் கோரும் மனுவிற் கையொப்பமிட்டுவிட்டு வாதத்தைத் தொடர்வார்களாயின், மனுவை வரைந்து கொடுக்க நாம் கட்டணம் கேட்கமாட்டோம்.