கழுவியும் தீராத கறை



இரவு பதினொரு மணி. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டீர்கள். மூடியதைக் கண்ணாலும் கண்டீர்கள். ஆயினும் பாயில் தலை சாய்த்தவுடன், "ஒருவேளை மூடவில்லையோ?" என்று ஓர் ஐயம் எழுகிறது. எழுந்து சென்று பார்க்கிறீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உறங்கிவிட்டால் அது ஜாக்கிரதை. பன்னிரண்டு முறை எழுந்து பார்த்தும், கை அந்தத் திருகின்மேலேயே இருந்தும், உள்ளம் நம்ப மறுக்குமானால் அதற்கு வேறு பெயர் உண்டு. மருத்துவர்கள் அதை ஓ.சி.டி. என்பார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்லலாம்.

ஏறக்குறைய நூறு பேரில் ஓரிருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வருகிறது. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். சில தாய்மாருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் தொடங்குவதும் உண்டு. குழாயில் காலையில் சில மணி நேரமே தண்ணீர் வரும் தாராவி வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே மருமகள் கை கழுவுவதற்கே ஒரு டிரம் தண்ணீரைச் செலவழித்தால் என்ன நடக்கும்? மாமியார் திட்டுவார், கணவர் அதட்டுவார், பக்கத்து வீட்டார் நகைப்பார்கள். தோல் உரிந்து இரத்தம் கசியும் அந்தக் கைகளை அவர் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொள்வார். தான் செய்வது அறிவுக்கு ஒவ்வாதது என்பது அவருக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததே இந்த நோயின் கொடுமை.

கை கழுவுவதாவது பிறர் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வேறொரு வடிவம் உண்டு. நம்முடைய சபைகளில் அதுவே அதிகம் மறைந்திருக்கிறது என்று எண்ணுகிறேன். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆராதனை நடக்கிறது. எல்லோரும் கரங்களை உயர்த்தித் துதிக்கிறார்கள். அந்த வேளையில் ஒரு வாலிபனின் உள்ளத்தில் பரிசுத்த ஆவியானவரைத் தூஷிக்கும் ஒரு சொல் மின்னலைப்போல் வந்து விழுகிறது. அவன் அதை அழைக்கவில்லை, விரும்பவுமில்லை. நடுங்கிப்போகிறான். மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்ட மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று கலங்குகிறான். மனதுக்குள் ஏழு முறை மன்னிப்புக் கேட்கிறான். ஏழாம் முறை கவனம் சிதறியதுபோல் தோன்றவே, முதலிலிருந்து மறுபடியும் தொடங்குகிறான். சில மாதங்களில் இராப்போஜனத்தில் பங்குபெற அஞ்சிப் பின்வரிசைக்குப் போகிறான்; பிறகு சபைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான். பின்மாற்றம் என்று நாம் பேசிக்கொள்கிறோம்.

இது புதிய துன்பமும் அன்று. மோட்சப் பயணம் எழுதிய ஜான் பனியனை நீங்கள் அறிவீர்கள். 1666-இல் வெளிவந்த தம் ஆத்தும சரித்திரத்தில், கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் தம்மை இடைவிடாமல் துரத்தியதையும், மன்னிப்பு இல்லாதவனாகிவிட்டதாகத் தாம் நெடுங்காலம் கலங்கியதையும் அவர் எழுதியிருக்கிறார். மார்ட்டின் லூத்தர் மடத்துத் துறவியாய் இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தம் மூத்த குருவைக் களைப்படையச் செய்தார் என்பதும் அறிந்த வரலாறே. இறந்தவர்களுக்கு நாம் நோய்ச்சான்று எழுத வேண்டியதில்லை. விசுவாசக் குறைவினால்தான் இத்தகைய எண்ணங்கள் வருகின்றன என்று தீர்ப்புச் சொல்வோர் இவ்விருவரையும் ஒருகணம் நினைத்துக்கொண்டால் போதும்.

தகாத எண்ணம் வருவதுதான் நோயா? அன்று. லண்டனில் பணியாற்றிய ஸ்டான்லி ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வா என்பவரும் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோய் எதுவும் இல்லாத சாதாரண மக்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு இத்தகைய அழையா எண்ணங்கள் வருவதை அவர்கள் கண்டார்கள். கைக்குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, ரயில் வரும்போது குதித்துவிடுவேனோ என்பன போன்றவை அவை. பெரும்பாலோர் "சீ, என்ன எண்ணம் இது" என்று விட்டுவிடுகிறார்கள். நோயாளி அதைத் தன் இருதயத்தின் உண்மையான ஆசை என்று எடுத்துக்கொள்கிறார். அதைத் துரத்த முயலுகிறார். துரத்தத் துரத்த அது பெருகுகிறது. 1987-இல் டேனியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லி, நினைவு வந்தால் மணியடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

அச்சத்தைத் தணிக்கச் செய்யும் செயலே இந்தச் சுழலை ஓட்டுகிறது. கழுவினால் பத்து நிமிடம் ஆறுதல். பிறகு அச்சம் முன்னிலும் பலமாய்த் திரும்புகிறது. கழுவியதால்தான் தப்பினேன் என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஆகவே அடுத்த முறை இன்னும் அதிகமாய்க் கழுவச் சொல்கிறது.

இந்தச் சுழலை உடைக்கும் வழியை 1966-இல் விக்டர் மேயர் என்பவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையிலிருந்து எழுதினார். அவர் சிகிச்சை அளித்தது இரண்டே பெண்களுக்கு. ஒருவர் அழுக்குக்கு அஞ்சிக் கழுவிக்கொண்டே இருந்தவர். மற்றவரோ, வாசகர்களே, பரிசுத்த ஆவியானவரைக் குறித்து எழுந்த தகாத எண்ணங்களால் வதைக்கப்பட்டவர். அஞ்சுகிற பொருளையும் எண்ணத்தையும் நேருக்குநேர் சந்திக்கச் செய்து, அதன்பின் வழக்கமான சடங்கைச் செய்யாதிருக்க உதவினார்கள். இருவரும் நல்ல முன்னேற்றம் அடைந்தார்கள். இன்றும் இந்த நோய்க்கு முதன்மையான பேச்சு சிகிச்சை இதுவே. எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன், சுருக்கமாக ஈ.ஆர்.பி. என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அது நடைபெறும் விதம் இதுதான். உங்கள் அச்சங்களை எல்லாம் சொல்லச் சொல்லி, சிறியதிலிருந்து பெரியதுவரை ஏணிப்படிபோல் எழுதுவார் சிகிச்சையாளர். முதற்படி கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு அரைமணி நேரம் கை கழுவாமல் இருப்பதாயிருக்கலாம். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அந்தப் பதற்றத்தோடேயே உட்கார்ந்திருக்கப் பழகுவீர்கள். பெரும்பாலும் அது தானாகவே தணியும். தணியாவிட்டாலும், அதைத் தாங்க முடிகிறது என்பதை உள்ளம் கற்றுக்கொள்ளும். அடுத்த வாரம் அடுத்த படி. பொதுவாக வாரத்திற்கு ஓரிரு அமர்வுகளாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் ஆகும். வீட்டில் நாள்தோறும் பயிற்சியும் உண்டு. அதைச் செய்யாதவருக்குப் பலன் குறைவு.

தூஷண எண்ணத்திற்கு எப்படி என்று கேட்பீர்கள். சிகிச்சையாளர் உங்களைத் தேவனைத் தூஷிக்கச் சொல்வாரோ என்ற பயம் நியாயமானதே. நல்ல சிகிச்சையாளர் உங்கள் விசுவாசத்தைக் கேட்டறிந்து, அதற்கு உட்பட்டே படிகளை அமைப்பார். எண்ணம் வந்தாலும் ஆராதனையிலிருந்து எழுந்து போகாமல் இருப்பது ஒரு படி. ஒரே ஜெபத்தை மறுபடி சொல்லாமல் ஒருமுறையோடு நிறுத்துவது இன்னொரு படி. "நான் அந்தப் பாவத்தைச் செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம், அதை இப்போது ஆராயப் போவதில்லை" என்று சொல்லி, அந்த நிச்சயமின்மையோடு இருப்பதே இதில் கடினமான படி. விசுவாசத்தை விட்டுவிடும்படி யாராவது சொன்னால் வேறு சிகிச்சையாளரைத் தேடுங்கள். அது ஈ.ஆர்.பி. கேட்பது அல்ல.

மருந்துகளும் உண்டு. ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின் முதலியவை முதலில் கொடுக்கப்படுகின்றன; பழைய மருந்தாகிய குளோமிப்ரமினும் பயன்படுகிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவு கூடுதலாக இருக்கும். பலன் தெரியப் பத்து, பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம். பத்து நாளில் குணமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நலமான பின்னும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இவை தூக்க மாத்திரைகள் அல்ல, போதை தருபவையும் அல்ல. ஈ.ஆர்.பி.யை முழுமையாகச் செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குறிப்பிடத்தக்க ஆறுதல் அடைகிறார்கள். ஒரு எண்ணமும் இனி வராது என்பது இதன் பொருளன்று. நாளில் ஐந்து மணி நேரத்தை விழுங்கியது அரைமணி நேரமாய்ச் சுருங்கினால், அந்த மனிதர் வேலைக்குப் போவார், பிள்ளையைத் தூக்குவார், திருவிருந்தில் பங்குபெறுவார்.

போதகர்களுக்கு ஒரு வார்த்தை. "ஐயா, எனக்கு மன்னிப்பு உண்டா?" என்று ஒரு விசுவாசி கேட்டால் ஆறுதல் சொல்லுங்கள். அதே கேள்வியை அவர் முப்பதாம் முறை தொலைபேசியில் கேட்டால், உங்கள் ஆறுதலே அவருக்குக் கை கழுவுதலாக மாறிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். தலையில் கைவைத்து ஜெபித்தவுடன் இரண்டு நாள் சமாதானம், மூன்றாம் நாள் மறுபடியும் அழைப்பு. அங்கே ஜெபம் தோற்கவில்லை. நோய் ஜெபத்தையே தன் சடங்காக்கிக்கொண்டது. அவருக்குள் பொல்லாத ஆவி இருப்பதாக மேடையில் அறிவித்தால், அவர் ஏற்கெனவே அஞ்சியது உறுதியாகிவிடும். எத்தனை பேர் அதன்பின் உயிரை வெறுத்திருப்பார்களோ, தேவன் அறிவார். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். அவரோடு இருந்த காலத்தில் பவுல் ஜெபிப்பதை நிறுத்திவிடவில்லை.

குடும்பத்தாரும் அன்பின் மிகுதியால் நோய்க்குத் துணைபோகிறார்கள். அவருக்குப் பதிலாகக் கதவைச் சரிபார்க்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவுடன் அவர் சொன்னபடி குளிக்கிறார்கள். திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தினால் வீடு ரணகளமாகும். சிகிச்சையாளரோடு பேசி, எதை எப்போது குறைப்பது என்று நோயாளியையும் வைத்தே தீர்மானியுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. மற்ற நகரங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குறைந்த செலவில் பார்க்கலாம். உளவியல் சிகிச்சையாளரைத் தேடும்போது, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்றும், ஈ.ஆர்.பி. செய்வாரா என்றும் கேளுங்கள். இந்தியோ மராத்தியோ கன்னடமோ பேசி உள்ளத்தைத் திறக்க முடியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் நாளைவரை காத்திராதீர்கள்.

முதன்முறை மருத்துவரிடம் போகும்போது வெட்கத்தால் வாய் அடைத்துப்போகும். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன எண்ணம் வருகிறது, அதைத் தணிக்க என்ன செய்கிறீர்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்த வயதிலிருந்து. வாயால் சொல்லக் கூசும் அந்தத் தூஷண எண்ணத்தையும் எழுதுங்கள். இத்தகையதை அவர் முன்பே கேட்டிருப்பார். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.