புஷ் புதிது, சத்தம் பழையது

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் உத்தர்பாராவில் நின்றுபோனது. ஆனாலும் அதைப் பிரித்துப் புதுப்பிக்கும் பிரியர்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: முன்பக்க சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் அத்தனையும் மாற்றியாயிற்று, சில மாதங்களிலேயே மறுபடி 'டொக் டொக்'. பழி உதிரிபாகக் கடைக்காரர் தலையில். பல சமயம் குற்றவாளி, போல்ட்டை முறுக்கிய நேரம்தான்.

ரப்பர் புஷ் பேரிங் போலச் சுழல்வதில்லை. அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள ரப்பர்தான் முறுகிக்கொடுக்கும். வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுகி நிற்கும். பள்ளங்கள் மிச்ச வேலையை முடித்துவிடும். போல்ட்டை லேசாக மாட்டி, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகே கடைசி முறுக்கு.

புஷ் நுழைய மறுத்தால் இன்ஜின் ஆயில் வேண்டாம். அது ரப்பரை உப்ப வைக்கும். சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரித்தேன் புஷ்ஷின் குணம் வேறு. அது வழுக்கித் திரும்புவது. சிலிகான் கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும்.

பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஆர்மை நெம்பிப் பார்க்க வேண்டும். தாராளமாக ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆடாவிட்டால் பிரேக்கையும் டயர் காற்றையும் சோதிக்கலாம். டார்ஷன் பாரின் முறுக்கைத் தளர்த்தாமல் ஆர்மைக் கழற்றுவது ஆபத்து. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம். இல்லாவிட்டால் புஷ்ஷில் மிச்சம் பிடித்த காசை டயர் தின்றுவிடும்.