கார் ஓட்டும்போது போன் பேசினால் கைதா, ரூ.1,000 அபராதமா? மதுரை வழக்கு எழுப்பும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலோ பெங்களூருவிலோ கிளம்பி, சனிக்கிழமை காலையில் குற்றாலத்தில் குளிக்க வேண்டும் என்பது பலருடைய பிளான். மதுரையைத் தாண்டி, திருமங்கலத்தில் வலது பக்கம் திரும்பினால் கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 744. அதில் வரும் முதல் பெரிய ஊர்களில் ஒன்று டி.கல்லுப்பட்டி. பேரையூருக்கும் விருதுநகருக்கும் பிரியும் ரோடுகள் இங்கேதான் இருக்கின்றன. டவுன் பஸ், டிராக்டர், பால் கேன் கட்டிய டிவிஎஸ் 50, ரோட்டைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கும். அதே இடத்துக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு கார் வருகிறது. ஓட்டுபவரின் ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் போன்.

'ஒரு நிமிஷம்தானே, பேசிட்டு வெச்சிடுறேன்' என்று நாம் எல்லோருமே சொல்லியிருப்போம். அந்த ஒரு நிமிஷத்துக்குச் சட்டம் என்ன விலை வைத்திருக்கிறது? ரூ.1,000 அபராதத்தோடு முடியுமா, கைது வரை போகுமா? மதுரையில் 2024-ல் நடந்த ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம்.

மதுரையில் என்ன நடந்தது?

பைக் வீடியோக்கள் மூலம் பிரபலமான யூடியூபர் டிடிஎஃப் வாசன், 2024 மே மாதம் மதுரை வழியாகத் தெற்கு நோக்கி கார் ஓட்டிச் சென்றார். வண்டியூர் டோல்கேட் பக்கம் செல்போனில் பேசியபடியே ஓட்டும் காட்சி, அவரே வெளியிட்ட வீடியோவில் இருந்தது. அதை வைத்து மதுரை அண்ணாநகர் போலீஸார் வழக்குப் பதிந்து, மே 29-ம் தேதி அவரைக் கைது செய்தனர். மறுநாள் மதுரை நீதிமன்றம் நிபந்தனை ஜாமீன் கொடுத்தது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் முன் சக்கரத்தைத் தூக்கி பைக் ஓட்ட முயன்று விபத்தில் சிக்கினார். கைதாகி, 40 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்த பிறகே ஜாமீன் கிடைத்தது. அவருடைய ஓட்டுநர் உரிமமும் 10 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 அக்டோபர் வரை, பறிக்கப்பட்டது.

மதுரைச் சம்பவத்தில் யார் மீதும் கார் மோதவில்லை. இருந்தும், மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கு முயற்சி செய்ததாகச் சொல்லும் ஐபிசி 308-வது பிரிவு சேர்க்கப்பட்டது. 'போன் பேசினதுக்கு இவ்வளவு பெரிய செக்ஷனா?' என்று ஒரு தரப்பும், 'இப்படிச் செஞ்சாத்தான் அடங்குவாங்க' என்று இன்னொரு தரப்பும் சமூக வலைதளங்களில் மோதிக்கொண்டன. ஒன்றை மறக்க வேண்டாம். கைது என்பது தீர்ப்பு அல்ல. ஒரு பிரிவை எஃப்ஐஆரில் எழுதுவது எளிது, நீதிமன்றத்தில் நிரூபிப்பது வேறு வேலை.

சாதாரணமாக எனக்கு என்ன தண்டனை?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு 'ஆபத்தான முறையில் ஓட்டுவது' பற்றியது. 2019-ல் வந்த திருத்தம், கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல் தொடர்புக் கருவியையும் அந்தப் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது. சிக்னலை மதிக்காமல் போவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவற்றோடு செல்போனும் இப்போது ஒரே வரிசையில் நிற்கிறது.

முதல் முறை என்றால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் பெரும்பாலும் ஸ்பாட் ஃபைன்தான். தமிழக அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட கட்டணப்படி முதல் முறை ரூ.1,000, அடுத்த முறை ரூ.10,000.

'ஆயிரத்தைக் கட்டிட்டா மேட்டர் ஓவர்' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. அபராதம் கட்டி முடித்துக்கொண்டாலும், அது உங்கள் பெயரில் 'முந்தைய குற்றம்' என்றே கணக்கில் வரும் என்கிறது 2019 திருத்தம். அடுத்த முறை மாட்டும்போது ரூ.10,000 வருவது அதனால்தான்.

லைசென்ஸும் போகுமா?

போகலாம். ஓட்டுபவரைத் தகுதியிழக்கச் செய்யும் காரணங்களில் செல்போன் பயன்பாடும் ஒன்று. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது போன்றவற்றோடு செல்போன் பேசியபடி ஓட்டினாலும் குறைந்தது 3 மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்றது.

நிறுத்தி வைத்த காலத்தில் ஓட்டி விபத்து நடந்தால்? பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை வண்டியின் உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றங்கள் வழிவிட்டிருக்கின்றன. ஒரு உயிரிழப்புக்கான இழப்பீடு பல லட்சங்களைத் தொடும். அப்பா பெயரில் இருக்கும் காரை மகன் ஓட்டினால், நோட்டீஸ் அப்பாவுக்குத்தான் வரும்.

ப்ளூடூத் ஓகேவா? மேப் பார்க்கலாமா?

சட்டத்தில் இருப்பது 'கையில் பிடிக்கும் கருவி' என்ற சொல். எனவே ப்ளூடூத்தில் பேசுவது நேரடியாக அந்த வரிக்குள் வராது. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் அமலான விதி சொல்கிறது. டேஷ்போர்டு ஸ்டாண்டில் மேப் ஓடலாம். அதே ஸ்டாண்டில் ரீல்ஸ் ஓடக் கூடாது. நம் ஊரில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசும் ஐடியா இருக்கிறதே, அதில் கை போனில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் காது அடைந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

சட்டம் விடுகிறது என்பதற்காக ஆபத்து குறைந்துவிடாது. போன் பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹேண்ட்ஸ்ஃப்ரீ, கையில் பிடிப்பதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்பதும் அதன் கருத்து. சிக்கல் கையில் மட்டும் இல்லை. கண் ரோட்டைப் பார்க்கும், மூளை ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவர் முன்னால் லாரி பிரேக் போட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். போனில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது. 'ஹலோ, லைன்ல இருக்கீங்களா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஸ்போர்ட்ஸ் காரில் என்ன வித்தியாசம்?

சட்டத்துக்கு ஸ்போர்ட்ஸ் காரும் மினி வேனும் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு விநாடியின் விலை வண்டிக்கு வண்டி மாறும்.

100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. யார் மெசேஜ் போட்டிருக்கிறார்கள் என்று மூன்று விநாடி திரும்பிப் பார்த்தால், 80 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஆபத்தைப் பார்த்த பிறகும் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். காய்ந்த நல்ல ரோட்டில்கூட முழுசாக நிற்க மொத்தம் 90 முதல் 100 மீட்டர் தேவை. இதுவே 50 கி.மீ. வேகம் என்றால் சுமார் 35 மீட்டரில் நின்றுவிடலாம்.

இப்போது 4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் ஒவ்வொரு விநாடிக்கும் சராசரியாக 25 கி.மீ. வேகம் கூடும். 60-ல் போகும்போது ஓவர்டேக் செய்ய மிதித்துவிட்டு, இரண்டு விநாடி போனைப் பார்த்து நிமிர்ந்தால், மீட்டர் 100-ஐ நெருங்கியிருக்கும். நீங்கள் போனைப் பார்க்கும் முன் இருந்த ரோடு வேறு, நிமிரும்போது இருக்கும் ரோடு வேறு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். காருக்குள் இருப்பவருக்கு ஏர்பேக் உண்டு. டிவிஎஸ் 50-ல் வருபவருக்கு எதுவும் கிடையாது.

மதுரை வழக்குக்குச் சில நாட்கள் முன்பு, 2024 மே 19-ல் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் வந்த இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். அங்கே பிரச்சினை மது, இங்கே போன். ஆனால் அந்தச் சிறுவனுக்கு 300 வார்த்தையில் கட்டுரை எழுதும் நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது நாட்டையே கொதிக்க வைத்திருந்தது. மதுரைக் கைதை மக்கள் பார்த்த விதத்தில் அந்தக் கோபமும் கலந்திருந்தது.

பெரிய செக்ஷன் போட்டால் பயம் வருமா?

308-வது பிரிவுக்கு வேண்டியது, 'இதனால் உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்தார்' என்ற நிரூபணம். யாரும் மோதப்படாத நிலையில் அதை நிரூபிப்பது கடினம். தன் வீடியோவே தனக்கு எதிரான சாட்சி ஆகலாம். ஆனால் மின்னணு ஆதாரத்துக்குச் சட்டப்படியான சான்றிதழும் தேவை. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் குற்றங்களுக்கு ஐபிசி 308-க்குப் பதில் பிஎன்எஸ் 110 பொருந்தும். கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் முன்பு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. பிஎன்எஸ் 106-ல் அது 5 ஆண்டு.

லட்சக்கணக்கானோர் பார்க்கும் ஒருவர் செய்தால் அதைப் பின்பற்றுபவர்களும் செய்வார்கள் என்ற போலீஸ் தரப்பு நியாயத்தை ஒதுக்க முடியாது. அதேசமயம், மாட்டியது வீடியோ போட்டவர் மட்டும்தான். அதே மே மாதத்தில் அதே டோல்கேட்டை போனும் கையுமாகக் கடந்த மற்றவர்கள்? அவர்கள் வீடியோ எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, மாட்டுவோமா மாட்ட மாட்டோமா என்பதுதான் பழக்கத்தை மாற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்காகவே கேமராக்களை வைத்தது. மேலிருந்து படம் எடுத்து, ஓட்டுநர் கையில் போன் இருக்கிறதா என்று பார்க்கும் கேமராக்கள் அவை. பிரிட்டனில் 2022 மார்ச் முதல், சிக்னலில் நிற்கும்போது போனைக் கையில் எடுத்துப் பாட்டு மாற்றினால்கூட 200 பவுண்டு அபராதமும் 6 பாயின்ட்டும் உண்டு. உரிமம் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கு அந்த 6 பாயின்ட்டிலேயே லைசென்ஸ் போய்விடும்.

நம் கணக்கு என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம், 64,105. செல்போன் காரணம் என்று பதிவான மரணங்கள் நாடு முழுக்க 3,395. உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும். 'போன் பேசிக்கிட்டு இருந்தேன்' என்று யார் வந்து எழுதிக் கொடுப்பார்கள்?

தப்பு ஓட்டுபவர் மேல் மட்டும்தானா?

டெலிவரி பார்ட்னரும் கேப் டிரைவரும் ஆர்டரை ஏற்கவே போனைத் தொட வேண்டியிருக்கிறது. 'இன்னும் எவ்ளோ நேரம்ண்ணே?' என்று நாம்தான் அவர்களுக்கு நடுரோட்டில் போன் போடுகிறோம். லீவு நாளில் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகும் ஊழியரிடம், 'ஒரு குயிக் கால்' என்று மேனேஜர் கூப்பிடுகிறார். எடுக்காமல் விட்டால் அப்ரைசலில் அடி விழுமோ என்ற பயம் சட்டத்தின் பயத்தைவிடப் பெரியதாக இருந்தால், கை போனுக்குத்தான் போகும்.

அதனால் செய்ய வேண்டியது சுலபமானதுதான். கிளம்பும் முன் மேப்பைப் போட்டுவிடுங்கள், போனில் இருக்கும் டிரைவிங் மோடை ஆன் செய்யுங்கள். முக்கியமான கால் வந்தால் பெட்ரோல் பங்க்கிலோ டீக்கடையிலோ ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள். எதிர்முனையில் இருப்பவர் 'வண்டில இருக்கேன்' என்று சொன்னால், 'சரி, போய்ச் சேர்ந்துட்டுக் கூப்பிடு' என்று நீங்களே கட் செய்யுங்கள்.

திருமங்கலம் - ராஜபாளையம் சாலையை நான்கு வழியாக்கும் பணி இரண்டு பகுதிகளாக எடுக்கப்பட்டிருக்கிறது. ரோடு அகலமாக ஆக வேகம் கூடும். வேகம் கூடக் கூட, அந்த மூன்று விநாடிக்குள் கடக்கும் தூரமும் கூடும். ஆனால் டி.கல்லுப்பட்டியில் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடக்கும் பாட்டியின் நடை வேகம் கூடப்போவதில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கும், பத்து நிமிஷம் லேட்டாகப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.