இசக்கியின் இரண்டாம் பாகம்

‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12 அன்று வெளியானது. மதியக் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. படம் நீளம், ஒப்பனை உறுத்துகிறது, ரஹ்மான் இசை இல்லை, கதையே இல்லை என்று குறைகள் அடுக்கப்பட்டன. சில நாட்களில் படக்குழுவே சுமார் 12 நிமிடங்களை வெட்டிக் குறைத்தது. ஆனாலும் ஒரு புலம்பல் மட்டும் ஓயவில்லை: “பழைய சேனாபதியைக் கெடுத்துட்டாங்க.”

படம் மோசம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்த எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இடைவேளைக்குப் பிறகு கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கேள்வி வேறு. பழைய சேனாபதி உண்மையிலேயே அவ்வளவு நல்லவராக இருந்தாரா? இருந்தார் என்றால், யாருக்கு?

பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தாலே படம் தோற்றுவிடும் என்று சொல்ல முடியாது. 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தின் பெயரையும் உளவாளியையும் 2022இல் மறுபடி கொண்டுவந்தபோது மக்கள் கொண்டாடினார்கள். ‘இந்தியன் 2’ வந்த அதே ஆண்டில் ‘அரண்மனை 4’ நன்றாகவே ஓடியது. உளவாளியிடமும் பேயிடமும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய், என்னத்தைச் சாதித்தாய் என்று கேட்பது நம்மைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்னவரிடம்தான். மீட்பர் திரும்பி வரும்போது ஊர் மாறியிருக்கிறது. அவரிடம் இருப்பதோ அதே பழைய கத்தி.

1996இல் வந்த ‘இந்தியன்’ படத்தின் உலகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே நாட்டைப் பிடித்த நோய் ஒன்றே ஒன்று. அதன் பெயர் லஞ்சம். அரசு அலுவலகம், மருத்துவமனை என்று எங்கும் கை நீளுகிறது. நீளும் கையை வெட்டினால் நாடு சரியாகிவிடும். சாதி அந்த நாட்டில் இல்லவே இல்லை. சுதந்திரப் போராட்டம் வரை பின்னோக்கிப் போகிற படம், சேரிப் பக்கம் ஒரு நிமிடம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்யும்போது ஒரு சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு மூன்று நாள் அலைந்தேன். அங்கே யாரும் என்னிடம் ஒரு ரூபாய் லஞ்சம் கேட்கவில்லை. பணம் வாங்காத மனிதர் என்று அந்த அதிகாரிக்கு நல்ல பெயர்கூட உண்டு. விண்ணப்பத்தில் சாதியைப் பார்த்தார்; எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தார்; என்னை உட்காரச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். மூன்று நாளும் நின்றே இருந்தேன். சேனாபதி அந்த அறைக்குள் நுழைந்திருந்தால் அதிகாரிக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போயிருப்பார். அவருடைய சட்டப் புத்தகத்தில் அங்கே குற்றமே நடக்கவில்லை.

‘பழைய சேனாபதி’ என்று ஏங்குகிறவர்கள் ஏங்குவது இந்த வசதிக்காகத்தான். கெட்டவன் வெளியே இருக்கிறான், லஞ்சம் வாங்குகிறான். நான் லஞ்சம் கொடுக்கிற பாவப்பட்டவன். அதனால் நான் நல்லவன். 1996இல் அந்த நிம்மதியோடு வீட்டுக்குப் போக முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் பாகம் அந்த நிம்மதியைக் கொஞ்சம் கெடுக்கப் பார்க்கிறது. உன் வீட்டைச் சுத்தம் செய் என்று இளைஞர்களிடம் சொல்கிறார் சேனாபதி. அவர்கள் சொந்த உறவுகளையே காட்டிக்கொடுக்கிறார்கள். வீடு உடைந்ததும், ‘கம் பேக் இந்தியன்’ என்று அழைத்தவர்களே ‘கோ பேக் இந்தியன்’ என்று துரத்துகிறார்கள். படத்தில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான். அந்த வீட்டுக்குள் ஊழலைத் தேடியவர்கள் சாதியைத் தேடவில்லை. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் இதை ஒரே வரியில் முடித்தான்: “மாப்ள, தாத்தா இன்னும் லஞ்சத்த விட்டு வெளியவே வரலடா.”

ரசிகர்கள் மாறிவிட்டார்கள், படம் மாறவில்லை. இதை இன்னும் தெளிவாகக் காட்டிய ஒரு வாரம் 2018 செப்டம்பரில் வந்தது. 21ஆம் தேதி ‘சாமி ஸ்கொயர்’. ஏழு நாள் கழித்து, 28ஆம் தேதி, ‘பரியேறும் பெருமாள்’. இரண்டுக்கும் களம் திருநெல்வேலி. முதல் படத்தின் திருநெல்வேலியில் பிரச்சினை என்பது ஒரு ரவுடி. தீர்வு என்பது ஒரு போலீஸ்காரர். 2003இல் அப்பா முடித்த வேலையை இப்போது மகன் வந்து முடிக்கிறார். இரண்டாம் படத்தின் திருநெல்வேலியில் சட்டக் கல்லூரிக்குப் படிக்க வந்த ஒரு பையன், உடன் படிக்கும் பெண் பிரியமாகப் பேசினாள் என்பதற்காகவே உயிருக்குப் பயந்து நடமாட வேண்டியிருக்கிறது. அங்கே எந்த ஆறுச்சாமியும் வரவில்லை. ‘சாமி ஸ்கொயர்’ பார்த்தவர்கள் பழைய வேகம் இல்லை என்று வருத்தப்பட்டார்கள். வேகம் குறைந்திருக்கலாம். ஆனால் அந்த ஊரின் உண்மை முகத்தைப் பார்த்த பிறகு, எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தப் போலீஸ் ஜீப்பை நம்ப முடிவதில்லை.

ஆகவே இந்த ஏமாற்றத்தைப் பார்த்து நாம் கவலைப்பட வேண்டியதில்லை. பரியனும் கர்ணனும் ‘சார்பட்டா பரம்பரை’ கபிலனும் வந்துபோன திரையில், பழைய மீட்பர்கள் வெளிறித் தெரிவது இயல்பு.

*

அடுத்த கேள்வி: தமிழ் சினிமாவில் யாருக்கு இரண்டாம் பாகம் கிடைக்கிறது?

சேனாபதிக்குக் கிடைத்தது. ஆறுச்சாமிக்குக் கிடைத்தது. ‘சண்டக்கோழி’யின் ஊர்ப் பெரிய குடும்பத்துக்குக் கிடைத்தது. கையில் ஆயுதமும் பின்னால் ஊரும் உள்ளவர்களுக்குக் கதை தொடர்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் நின்றவர்களின் கதை முதல் பாகத்தோடு முடிந்துபோகிறது.

1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலு நடித்த இசக்கியை எல்லோருக்கும் நினைவிருக்கும். பெரிய வீட்டுக்குச் சேவகம் செய்கிறவர். சின்ன ஐயா சொன்னதற்காகப் பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டை உடைக்கிறார். அதற்கு விலையாக அவருடைய ஒரு கை போகிறது. கோயிலைத் திறக்கச் சொன்னவருக்கு ஒரு கீறலும் இல்லை. கை போன பிறகும் இசக்கி புகார் சொல்வதில்லை. நம்மைச் சிரிக்கவும் உருக்கவும் வைக்கிறார். எங்கள் தெருவிலும் அந்தப் படத்துக்கு ரசிகர்கள் இருந்தார்கள். டிவியில் போடும்போதெல்லாம் இசக்கியைப் பார்த்துச் சிரித்தோம், கண் கலங்கினோம். ஆனால் அதே படத்தின் பாட்டு பக்கத்துத் தெரு மைக்செட்டில் உச்சத்தில் ஒலித்தால், பெரியவர்கள் எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே படம். டிவிக்குள் பொழுதுபோக்கு, மைக்செட்டில் எச்சரிக்கை.

2018இல் ‘தேவர் மகன்’ இரண்டாம் பாகம் பற்றிக் கமல்ஹாசன் பேசியபோது, அந்தத் தலைப்பை எதிர்த்துப் புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி குரல் கொடுத்தார். அந்தப் படம் வரவில்லை. வேறொரு இரண்டாம் பாகம் வந்தது. 2023 ஜூன் 29 அன்று வெளியான ‘மாமன்னன்’. இசக்கிதான் மாமன்னன் ஆனார் என்று மாரி செல்வராஜ் கமலை மேடையில் வைத்துக்கொண்டே சொன்னார். அதே வடிவேலு, 31 ஆண்டுகள் கழித்து, காசிபுரம் என்ற தனித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். கை இருக்கிறது, பதவி இருக்கிறது, உட்கார நாற்காலி மட்டும் இல்லை. ஆதிக்கசாதித் தலைவரின் வீட்டில் அவர் நின்றுகொண்டே இருக்கிறார். மகன் வந்து உட்காரச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலக்கோட்டை ஒரு தனித் தொகுதி. ஏ.எஸ். பொன்னம்மாளைப் பலமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர். தனித் தொகுதிக்காரர்களுக்கு அந்த நாற்காலிக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. 1932 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர் கேட்ட இரட்டை வாக்குரிமை பறிபோனது. இடம் நமக்கு ஒதுக்கப்பட்டது. யார் உட்காருவது என்பதை ஊர் முழுவதும் சேர்ந்து தீர்மானிக்கும் என்று ஆனது. ஜெயிப்பதற்கு யாருடைய வாசலில் எல்லாம் நிற்க வேண்டும் என்பது வேட்பாளருக்குத் தெரியும், அவருக்குச் சுவரொட்டி ஒட்டுகிற பையனுக்கும் தெரியும். ‘மாமன்னன்’ படத்தின் திரைக்கதை இரண்டாம் பாதியில் தடுமாறுகிறது, முடிவு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்ற விமர்சனங்களில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பழைய படத்தின் தொடர்ச்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்கு இல்லை. நாயகனின் வயதைக் கூட்டி மறுபடி சண்டைக்கு அனுப்புவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். கை போனவர் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார் என்று கேட்க ஒருவர் பிறந்து வளர்ந்து வர வேண்டியிருந்தது.

அதற்கு ரசிகர்கள் தந்த பதிலையும் பார்த்தோம். படம் ஓடிடி தளத்துக்கு வந்ததும் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலுவுக்கு வீரப்பாடல்கள் சேர்த்துச் சாதிப் பெருமை வீடியோக்களாகப் பரப்பினார்கள். யாரைத் தோலுரிக்கப் படம் எடுக்கப்பட்டதோ, அவரையே நாயகனாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட இரண்டாம் பாகத்தைப் பிறர் படத்திலிருந்து வெட்டி ஒட்டித் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள்.

இது நம் ஊருக்கு மட்டுமான நோய் இல்லை. 2017இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘தி லாஸ்ட் ஜெடாய்’ வந்தபோது, பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் எங்கள் படத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு போய் விழுந்த இடங்களில் ஒன்று, வியட்நாமிய அமெரிக்க நடிகை கெல்லி மேரி டிரான். இனவெறியும் பெண்வெறுப்பும் கலந்த வசைகள் தொடர்ந்து வந்தன. 2018இல் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் நீக்கினார். “எங்கள் படம்” என்ற சொல்லில் அந்த ‘எங்கள்’ யார் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

*

இவ்வளவும் சொன்ன பிறகு நம் வீட்டையும் பார்க்க வேண்டும்.

2024 டிசம்பர் 20இல் ‘விடுதலை’ இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தில், அதிகாரத்தின் அடிமட்டத்தில் வண்டி ஓட்டும் காவலர் குமரேசனின் கண் வழியாக ஒரு மலைக் கிராமத்தின் மீது நடந்த வன்முறையைப் பார்த்தோம். இரண்டாம் பாகத்தில் குமரேசன் பின்னுக்குப் போய், வாத்தியார் பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் பேசுவதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். ஆனால் உடன்பாடான வசனத்தைக் கேட்டுத் தலையாட்டுவதும் படத்தால் உலுக்கப்படுவதும் வேறு வேறு. அதை வெளியே சொன்ன தோழர்களிடம், “நம்ம அரசியல் பேசுற படத்தை நாமளே குறை சொல்லலாமா?” என்று கேட்டவர்கள் உண்டு. சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். சேனாபதி ரசிகர்களின் கண்மூடித்தனத்தைக் கேலி செய்துவிட்டு, நமக்குப் பிடித்த இயக்குநர்களுக்கு நாமே ரசிகர் மன்றம் திறந்தால் என்ன வித்தியாசம்?

‘சார்பட்டா பரம்பரை’ இரண்டாம் பாகம் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. நானும் காத்திருக்கிறேன். கபிலன் மறுபடி கையுறை மாட்டி, இன்னும் பெரிய எதிராளியை இன்னும் நீளமான சண்டையில் வீழ்த்துவதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று சொன்னால் அது பொய். விசிலும் அடிப்பேன். ஆனால் அது மட்டுமே என்றால், நாமும் ஒரு சேனாபதியைச் செய்துவிட்டோம் என்று பொருள். கபிலன் சரிந்து கிடந்த ஆண்டுகளில் வீட்டைத் தாங்கிய மாரியம்மாவின் கதை மிச்சம் இருக்கிறது. நெருக்கடிநிலைக்குப் பிந்தைய வடசென்னையில் அந்தப் பரம்பரைகளுக்கும் அங்கே பயிற்சி எடுத்த பையன்களுக்கும் என்ன ஆனது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

ரசிகரின் ஏமாற்றமும் ஒரு கோரிக்கைதான். இன்றுவரை அந்தக் கோரிக்கை “எங்கள் நாயகனைப் பழையபடி திருப்பிக் கொடு” என்பதாகவே இருக்கிறது. தயாரிப்பாளர்களும் அதைக் கேட்டுத்தான் பணம் போடுகிறார்கள், அதனால்தான் நஷ்டமும் அடைகிறார்கள். நாம் வேறு கோரிக்கை வைப்போம். உங்களுக்குப் பிடித்த பழைய படம் ஒன்றை இந்த வாரம் மறுபடி போட்டுப் பாருங்கள். நாயகனை விட்டுவிடுங்கள். அவருக்குக் குடை பிடித்தவர், அடி வாங்கியவர், சிரிக்க வைத்துவிட்டுக் காணாமல் போனவர், கதைக்காகச் செத்துப்போன தங்கை என்று ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வாருங்கள். இரண்டாம் பாகம் எடுக்க வேண்டிய கதைகள் எத்தனை பாக்கி இருக்கின்றன என்று தெரியும்.