வேனின் கடைசி வரிசை

ஒரு வண்டியைப் பற்றி அதன் உரிமையாளரிடம் கேட்டால், பதில் எப்போதும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே வருகிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஏற்றத்தில் இழுவை எப்படி, உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்குமா, விற்கப்போனால் என்ன விலை போகும்? இருவர் செல்லும் காருக்கு இந்தப் பதில் போதுமானதாக இருக்கலாம். ஏழெட்டுப் பேர் அமரும் குடும்ப வேனைப் பொறுத்தவரை இது பாதிப் பதில்தான். மறுபாதி கடைசி வரிசையில், கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன், கண்ணை மூடி அமர்ந்திருக்கிறது. சமவெளியில் அதைக் கவனிக்காமல் இருந்துவிடலாம். வத்தலக்குண்டைத் தாண்டிப் பழனி மலைத்தொடரில் ஏறத் தொடங்கியபின் அது இயலாது.

நம் ஊர்களுக்குக் குடும்ப வேன் என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தது 1984-இல் அறிமுகமான மாருதி வேன். 1988 முதல் ஆம்னி என்ற பெயரில் ஓடிய அவ்வண்டியின் உற்பத்தி 2019-இல் நிறுத்தப்பட்டது. மூன்று சிலிண்டர், 796 சிசி இஞ்சின், பக்கவாட்டில் நகரும் கதவு, முகமே இல்லாத முகப்பு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது, ஆம்புலன்ஸாக ஓடியது, காய்கறி சுமந்தது. தமிழ்த் திரைப்படங்களில் கதாநாயகியைக் கடத்தவும் அதுவே வந்து நின்றது. பின்னர் சுமோ, 2000-இல் குவாலிஸ், 2005-இல் இன்னோவா, 2010-இல் ஈக்கோ என்று வரிசை நீண்டது. வசதிகள் பெருகின. விளம்பரம் சொல்லும் செய்தி மட்டும் மாறவில்லை: எல்லோரும் சேர்ந்து போகலாம். சேர்ந்து போகிறோம் என்பது மெய்தான். ஆனால் எல்லோரும் ஒரே பயணத்தைத்தான் போகிறோமா என்பதே நம் கேள்வி.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்குள் அவ்வுயரத்தின் பெரும்பகுதியை ஏறி முடிக்கவேண்டும். டம் டம் பாறையில் நின்று எலிவால் அருவியைப் பார்க்கும்போதே முன்வரிசைக்காரர்கள் உற்சாகமாகவும் பின்வரிசைக்காரர்கள் வெளிறியும் இறங்குவதை எவரும் காணலாம். காரணம் எளிது. கண் வண்டியின் உட்புறத்தைப் பார்த்து 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. காதினுள் சமநிலை காக்கும் உறுப்போ 'சுழல்கிறோம்' என்கிறது. இவ்விரண்டின் பிணக்கே குமட்டல். ஓட்டுநருக்கு அது வருவது அரிது. வளைவு வருமுன்பே அவர் கண்ணும் கையும் அதை அறிந்துவிடுகின்றன. கடைசி வரிசைக்கோ பின் அச்சின் தூக்கலும் ஆட்டமும் அதிகம், சாலை கண்ணில் படுவது குறைவு. எட்டு இருக்கை ஆம்னியில் நடு இருக்கை பின்னோக்கி, கடைசி வரிசைக்கு எதிரெதிராக அமைந்திருந்தது. கதை பேசிச் செல்ல அருமையான ஏற்பாடு. கொண்டை ஊசி வளைவுக்கோ அதைவிடப் பொருந்தாத ஏற்பாடு இல்லை.

அந்த இடத்தில் நாம் யாரை உட்கார வைக்கிறோம்? குழந்தைகளை, பாட்டியை, மணமாகாத அத்தையை, வீட்டு வேலைக்கு உடன் வந்த பெண்ணை. வீட்டில் குரல் தாழ்ந்தவர்களே வண்டியிலும் பின்னுக்குப் போகிறார்கள். 'கொஞ்சம் நிறுத்து' என்று சொல்லத் தயங்குபவர்களைத் தேர்ந்து அங்கே அமர்த்தியதுபோலத் தோன்றும். குடும்பத்தின் படிநிலையை அறிய வேறு ஆய்வு வேண்டியதில்லை. மலையேறும் வேனின் கதவைத் திறந்து பார்த்தால் போதும்.

இம்மலையின் பழைய பயண முறையோடு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது வண்டிப்பாதை கிடையாது. 1875-இல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்தபின்னும், மாட்டு வண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ நடந்தோ டோலியிலோதான் ஏறவேண்டியிருந்தது. மோட்டார் செல்லும் சாலை 1910-களில்தான் உருவானது. டோலி என்பது சுமப்பவர்களின் தோளைத் தேய்த்த கொடிய ஏற்பாடு. அதை எண்ணி ஏங்க ஒன்றுமில்லை. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி போன்ற, நெடுங்காலம் வண்டி எட்டாத ஊர்களில் நோயாளிகளைத் தூக்கிவந்த டோலியோ வேறு வகையானது. அங்கே நடக்க முடியாதவர் எவரோ அவருக்காகவே அந்த ஊர்தி. வலுவுள்ளவர்கள் அவரைச் சுற்றி நடந்தார்கள். வேன் வந்தபோது இந்த ஒழுங்கு தலைகீழானது. வலுவுள்ளவர் முன்னால் அமர்ந்தார்; முடியாதவர் பின்னால் போனார்.

மலையிலேயே வாழும் வேன் உரிமையாளரின் அனுபவம் சுற்றுலா வருபவருடையதிலிருந்து வேறுபட்டது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால். இவ்வூர்களில் ஒரு வீட்டு வாசலில் வேன் நிற்கிறதென்றால் அது அந்த வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் தட்டப்படும் கதவு அந்த வீட்டுக் கதவுதான். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபின் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆயினும் மூடுபனியும் தூரமும் மாறவில்லை. பகலில் பூண்டு மூட்டை, மாலையில் பள்ளிப் பிள்ளைகள், இரவில் நோயாளி. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆண்டதாகச் சொல்லப்படும் மலை இது. தேர் தந்த பாரிக்கு வேறு மலை. இங்குள்ள வேன்காரர் சில இரவுகளில் இருவர் வேலையையும் சேர்த்தே செய்கிறார். போர்வையும் அவருடையது, தேரும் அவருடையது.

இந்தக் கொடைக்கு ஒரு விலையும் உண்டு. அயலார் கேட்கும்போது மறுக்க முடியாது. எட்டுப் பேர் வண்டியில் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். பெட்ரோலுக்கென்று அவர்கள் தரும் பணத்தை வாங்கினால், சொந்தப் பதிவெண் கொண்ட வண்டியை வாடகைக்கு விட்டதாகச் சட்டம் கொள்ளும். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிடக்கூடும். வாங்காவிட்டால் வண்டி கட்டுப்படியாகாது. ஊரின் அவசரத்தைத் தனிமனிதரின் நல்ல மனத்தில் ஏற்றிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமல்ல. மலைக் கிராமங்களுக்குச் சிறிய பேருந்துகள் வேண்டும் என்ற கோரிக்கையை இந்தக் கோணத்திலிருந்தே நாம் ஆதரிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி கொடைக்கானல் வருவோர்க்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பும் வகுக்கப்பட்டது. மலை தாங்காது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வரம்பில் எண்ணப்படுவது வாகனம், மனிதர் அல்லர். இருவர் வரும் காரும் எழுவர் வரும் வேனும் அங்கே ஒன்றே. ஒரு குடும்பம் இரண்டு கார்களில் வருவதைவிட ஒரு வேனில் வருவதே மலைக்கு நல்லது. அந்த வகையில் நாம் வேனின் கட்சி.

கட்சி சேர்ந்தபின் நிபந்தனைகளையும் சொல்லிவிடுவோம். நிறைந்த வேன் வேறு. திணித்த வேன் வேறு. ஏழு இருக்கை என்றால் ஏழே பேர். மடியில் வைத்த குழந்தையும் ஒரு பேர். ஏற்றத்தில் கூடுதல் சுமை வண்டியை மூச்சுவாங்க வைக்கும், அவ்வளவே; இறக்கத்தில் அது பிரேக்கைத் தின்னும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் இறங்குபவர், இஞ்சின் தரும் இயல்பான தடையை இழந்து முழு எடையையும் பிரேக்கின் மீது சுமத்துகிறார். காய்ந்த பிரேக் பிடிக்காது. இஞ்சினையே அணைத்துவிட்டால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும். குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும் என்பது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று. வேன் வாங்கப் போகிறவர்கள் சோதனை ஓட்டத்தில் ஓட்டுநர் இருக்கையில் அமர்வதோடு நிறுத்திக்கொள்ளவேண்டாம். கடைசி வரிசையிலும் அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். முழங்கால் எங்கே இடிக்கிறது, சன்னல் திறக்கிறதா, பெல்ட் எட்டுகிறதா, பாட்டியால் அதற்குள் ஏறி இறங்க முடியுமா என்று பாருங்கள். மலைக்குப் புறப்படும்போது மூத்தவர்களை நடு வரிசையிலோ முன்னிருக்கையிலோ அமர்த்தி, இளைஞர்கள் பின்னால் போகட்டும். பெருமாள்மலை வருமுன் இரண்டு முறையாவது, யாரும் கேட்காமலே, வண்டி நிற்கட்டும். வீட்டில் தலைமுறைகளாக மாறாத சில வரிசைகளை மாற்ற இத்தகைய சிறு தொடக்கங்களே நமக்கு வாய்க்கின்றன. குடும்ப வேன் நல்ல வண்டியா என்று இனி யாரேனும் கேட்டால், ஓட்டியவரைக் கேட்கவேண்டாம். பின்னால் அமர்ந்து வந்தவரைக் கேட்போம்.