ஒத்தைக் கொடி காய்க்காது

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வரும் நம்ம ஊர்க்காரர்கள் கொஞ்ச நாளில் இரண்டு விஷயங்களுக்குப் பழகிவிடுவார்கள். ஒன்று மட்டா அரிசி. இன்னொன்று, மொட்டைமாடிப் பந்தலில் படர்ந்திருக்கும் 'ஃபேஷன் ஃப்ரூட்'. பேஷன் ஃப்ரூட்தான் இங்கே ஃபேஷனாகிவிட்டது! கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம், இலங்கைத் தமிழில் கொடித்தோடை. என் ஓட்டு கொடித்தோடைக்குத்தான்.

பேஷன் என்றால் இங்கே காதல் இல்லை, ஏசுநாதரின் பாடுகள். பூவிலுள்ள ஐந்து மகரந்தப்பைகள் ஐந்து காயங்கள், மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள் என்று கண்டவர்கள் வைத்த பெயர். இதே குடும்பத்துக் கிருஷ்ண கமலத்தில் நம்மவர்கள் நூறு கௌரவர்களையும் ஐந்து பாண்டவர்களையும் பார்த்தார்கள். அவரவர் பார்வை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பூ கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது சார், காய்தான் பிடிக்கவில்லை." இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். உடனே உரம் மாற்றுகிறார்கள், மருந்து அடிக்கிறார்கள். ஊதா ரகம் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும், ஆனால் அதற்கு மலைப்பக்கத்துக் குளிர் வேண்டும். நம் கடலோர வெக்கைக்கு ஒத்துவருவது மஞ்சள் ரகம். அதன் பூவுக்குச் சொந்த மகரந்தம் ஆகாது. வேறொரு கொடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். ஒரே கொடியில் வெட்டி வேர்விட்ட நாலு கன்றுகளை வாங்கி வைத்தாலும் அதே கதைதான், நாலும் ஒரே ஆள். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், இது ஜாயிண்ட் அக்கவுண்ட் மட்டுமே திறக்கும் கொடி :-)

அந்த மகரந்தத்தைக் கொண்டுவருவது யார்? மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு. சின்னத் தேனீயின் உடம்பு சூல்முடியை எட்டாது. மஞ்சள் ரகப் பூ நண்பகல் வாக்கில் மலர்ந்து இரவில் மூடிவிடும், மறுநாள் வாய்ப்பு கிடையாது. விரலால் தொட்டும் வைக்கலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் நாமெல்லாம் ஆபீஸில் அல்லவா இருக்கிறோம்?

வண்டு தங்க ஒரு பட்ட மரக்கிளை, காய்ந்த மூங்கில் துண்டு போதும். நாமோ அதையெல்லாம் குப்பை என்று எரித்துவிட்டு முற்றம் முழுக்க சிமென்ட் கட்டை பதிக்கிறோம். இலை தின்னும் கம்பளிப்புழுவுக்கு அடிக்கும் மருந்தில் வண்டும் சேர்ந்து சாகிறது. புழுவைக் குச்சியால் எடுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நாலு சென்ட் இடத்தில் இரண்டு கொடிக்கு இடம் ஏது என்பீர்கள். வேண்டாம். பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் வேறொரு பழத்தின் விதையில் முளைத்த கன்று ஒன்றைக் கொடுங்கள். வண்டுக்கு மதில் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த நமக்கு இதைவிட நல்ல அறிமுகக் கடிதம் வேறில்லை. உரத்துக்குச் செலவழிப்பதற்கு முன்னால், மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.