கத்திக்குப் பின் வரும் ஆண்டுகள்

உடற்பருமனைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அழைக்கும் விளம்பரங்களில் பெரும்பாலானவை, பருத்த சரீரத்தை ஒரு புறமும் மெலிந்த சரீரத்தை மறுபுறமும் காட்டுகின்றனவேயன்றி, அதன் பின் நோயாளி ஆயுள் முழுவதும் அனுஷ்டிக்க வேண்டிய நியமங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இச்சிகிச்சையே கூடாது என்பது என் கட்சியன்று. 1987-இல் ஸ்வீடன் தேசத்தில் தொடங்கிய நெடிய ஆராய்ச்சி, அறுவை செய்துகொண்ட ஸ்தூல சரீரிகளிடையே மரணம் குறைவு என்பதை 2007-இல் வெளியிட்டது. தேர்ந்த மருத்துவமனைகளில், அறுவையை அடுத்த முப்பது நாட்களில் இறப்போர் ஆயிரத்தில் ஓரிருவர் அளவே. ஆனால் அந்த முப்பது நாட்களோடு கணக்கை முடித்துக்கொள்வது எவ்வளவு பிசகு என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1950-களில் அமெரிக்காவில் தோன்றிய முதல் முறை, சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையினின்றும் விலக்கிவைத்து எடையை அதிசயிக்கத்தக்க விதத்தில் குறைத்தது. ஆண்டுகள் சென்றபின் கல்லீரல் சிதைவும் சிறுநீரகக் கற்களும் மூட்டு நோயும் தலைகாட்டவே, அது கைவிடப்பட்டது.

இன்று மிகுதியாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பாகம் வெட்டி அகற்றப்படுகிறது, போனது போனதுதான். தையல் கசிவும் இரத்தக்கட்டும் ஆரம்ப நாட்களின் அபாயங்கள். அவற்றை மருத்துவமனையே கவனித்துக்கொள்ளும். வீடு திரும்பிய பின் வருபவற்றைக் கவனிப்பார் யார் என்பதே என் கேள்வி.

ஓயாத வாந்தியோடு, உண்பது எதுவும் தங்காமல் சில வாரங்கள் வாடிய ஒருவரை உறவினர் தெருக்கோடி கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல, அங்கே வழக்கம்போல் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவிடு நீக்கிய அரிசியையே உண்டோருக்குப் பெரிபெரி நோயைத் தந்த, தயமின் என்னும் விட்டமினின் அதே குறைவு இவருக்கும் நேர்ந்திருக்கும். உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. தயமினைக் கொடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சியிருந்த சிறிதும் செலவாகி, பார்வை இரட்டித்து, நடை தள்ளாடி, ஞாபகம் குழம்பி, மூளைக்கு நிரந்தரமான சேதம் விளையக்கூடும். தடுக்கவல்ல ஊசிமருந்தோ அற்ப விலையுடையது! குடலை மாற்றி இணைக்கும் ‘பைபாஸ்’ செய்துகொண்டவருக்கு, பல ஆண்டுகள் கழித்தும், உள்ளே உண்டான இடைவெளியில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பழைய அறுவையை அறியாதவர் அவ்வலியை வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால், குடல் அழுகிவிடலாம்.

இன்னொன்றையும் மனவேதனையோடு குறிப்பிடுகிறேன். பருமன் காரணமாக வரன் தட்டிப்போகிறது என்று பெண்ணை இச்சிகிச்சைக்கு உட்படுத்தும் பெற்றோர் உண்டு. அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பதைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. கல்யாணமான மறுமாதமே ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கும் குடும்பங்களில் அந்தப் பெண் அவ்விதியை எவ்விதம் காப்பாள்? இரும்பும் பி12-உம் குறைந்த உடலோடு அவள் கர்ப்பவதியானால், அந்தக் கஷ்டம் அவளோடு நிற்பதன்று.

ஆகவே, சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குமுன் இவை யாவும் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் தமிழில் விளக்கப்பட வேண்டும். செய்த அறுவையின் பெயரையும், வாந்தி கண்டால் குளுக்கோஸுக்கு முன் தயமின் தர வேண்டும் என்பதையும் எழுதிய அட்டை ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையின் செலவையும், விட்டமின் மாத்திரைகளின் செலவையும், முதல் நாளே சொல்லும் கட்டணத்தோடு சேர்த்துச் சொல்லுமாறு மருத்துவமனைகளை அரசாங்கம் கட்டாயப்படுத்த வேண்டும்.